அழிந்த வட்டும் மண்மனிதனின் இடக்கையும்

ஐப்பசி 3, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. நேற்று நூலக அரங்கில் பேச்சின் நடுவே ஒலிவாங்கி உயிரை விட்டது, நான் விடவில்லை. மிச்சப் பேச்சை வெறுங்குரலிலேயே கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கைத்தட்டல் நன்றாகத்தான் இருந்தது. இன்று காலையிலிருந்து உப்புக் கலந்த வெந்நீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவமனைக்குக் கிளம்பிய துணைவி, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாளாவது வாய்க்கு லீவு குடுங்க. உங்களை எக்ஸ்ரே எடுத்தா எலும்பு தெரியாது, மைக்குதான் தெரியும்." ஊடுகதிர்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள். வீட்டில் அவளுக்குக் கருவி தேவைப்படுவதில்லை.

குருவி வழக்கம்போல் பின்னறையில். (மகளுக்கு அழகான தமிழ்ப்பெயர் ஒன்றை நான்தான் வைத்தேன், கூப்பிட வாயில் வருவதென்னவோ குருவிதான்.) சாளரத்துக்குக் கருந்துணி, மேசையின் இருபுறமும் விளக்கு, நடுவே விரல் நீளத்தில் ஒரு களிமண் மனிதன். அவனை மயிரிழை நகர்த்துவாள், நிழற்படம் எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள். அப்படி எடுத்த ஆயிரமாயிரம் படங்களை அடுத்தடுத்து ஓட்டினால் அவன் நடப்பானாம், கையைத் தூக்குவானாம். இரண்டாண்டாய் இதே வேலை. இடையிடையே கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்து கொடுத்துத் தன் செலவைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த அறையில் நுழைய எனக்குத் தடை. "நீங்க இருமினாலே அவர் தலை திரும்பிடும்ப்பா" என்கிறாள். பொம்மைக்கு எத்தனை மரியாதை!

படத்தில் ஒரு சொல்கூடக் கிடையாதாம். என் வீட்டில் பிறந்த பிள்ளை பேச்சில்லாப் படம் எடுக்கிறாள் என்று துணைவியிடம் குறைப்பட்டேன். "பாவம், அவளும் அமைதிக்கு எங்கதான் போவா?" என்றாள்.

இம்மாதக் கடைசிக்குள் அயலூரில் நடக்கும் குறும்பட விழாவுக்கு அது போய்ச்சேர வேண்டும். ஒரு துண்டுக் காட்சியைப் பார்த்தே அவர்கள் இடம் ஒதுக்கிவிட்டார்கள். முழுப்படம் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஐப்பசி 5, புதன்

எங்கள் தமிழ்மன்றச் செயலர் இன்று ஒரு சிறு விரலி (ஊரார் வாயில் 'பென் டிரைவ்') கொடுத்தார். அதனுள் ஓர் இயங்குதளம். தொடக்கம் முதல் முடிவு வரை தமிழிலேயே பேசும் கணினி! 'ஓகே' இல்லை, 'கேன்சல்' இல்லை. 'ஏற்க', 'தவிர்க்க'. உடம்பு சிலிர்த்தது. நாளையே கூடத்துக் கணினியில் குடியேற்றுகிறேன்.

ஐப்பசி 6, வியாழன்

என்ன செய்துவிட்டேன்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். துணைவி வேலைக்குப் போயிருந்தாள். குருவி பின்னறையில் மண் பிசைந்துகொண்டிருந்தாள். விரலியைச் செருகினேன். திரை மலர்ந்தது, தமிழ், தூய தமிழ். எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்டது. இரண்டு வட்டுகளைக் காட்டியது, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. கணினிக்குள் இரண்டு இருக்கும்போலும் என்று எண்ணிக்கொண்டேன். பெரியதைத் தேர்ந்தேன். தமிழுக்குச் சிறியதையா தருவது?

பிறகு ஓர் எச்சரிக்கை வந்தது. 'இவ்வட்டில் உள்ளவை யாவும் மீளவொண்ணாதவாறு அழிக்கப்படும். தொடர விழைகிறீர்களா?'

மீளவொண்ணாதவாறு! எத்தனை நாளாயிற்று இப்படியொரு சொல்லைப் பார்த்து! உரக்கப் படித்தேன். இன்னொரு முறை, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். "விழைகிறேன்!" என்று திரைக்கு மறுமொழியும் சொல்லிவிட்டு விசையை அழுத்தினேன். அந்த வாக்கியத்தின் அழகைத்தான் கேட்டேன். அது என்ன சொல்கிறது என்பதைக் கேட்கவே இல்லை.

பெரிய வட்டு, மேசைக்குப் பின்னால் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த குருவியின் வட்டு. அவளுடைய கணினி நிரம்பிவிட்டதால் நேற்று இங்கே கொண்டுவந்து செருகியிருந்தாளாம். படம் முழுவதும் அதில்தான் இருந்தது.

மண் அப்பிய கையோடு வந்தாள். திரையில் 'நிறுவல் நிறைவுற்றது. நல்வரவு' என்று இருந்தது. கம்பியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, அதுலதான் அவர் இருந்தாரு."

"வேறெங்கயும் எடுத்து வெக்கலையாம்மா?"

"அடுத்த வாரம் இன்னொரு டிஸ்க் வாங்கி எடுக்கலாம்னு இருந்தேன்." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

தெரியாமப் பண்ணிட்டேன்மா-ன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு சொல் வரல. ஐயோ, ஊருக்கெல்லாம் பேசுற வாய், பெத்த பிள்ளைக்கு முன்னாடி ஒண்ணும் வரல. ரெண்டு வருசம். ரெண்டு வருசம் அந்தப் பொண்ணு இருட்டுல நின்னு எடுத்தது. ஒரு விசை. நான் என்ன பண்ணுவேன்.

மைத்துனனைத் தொலைபேசியில் பிடித்தேன். துணைவியின் தம்பி, அவள் வேலைபார்க்கும் மருத்துவமனையிலேயே கணினிப் பிரிவில் இருக்கிறான். என்னைக் கிண்டல் செய்வதை உரிமையாகவும் கடமையாகவும் கொண்டவன். இன்று கிண்டல் செய்யவில்லை. அதிலேயே நிலைமை புரிந்துவிட்டது.

"அத்தான், முதல்ல கையை எடுங்க. கம்ப்யூட்டரை அணைச்சுட்டு டிஸ்க்கைக் கழட்டி வைங்க. சரி பண்றேன்னு எதையாவது அதுல போட்டீங்கன்னா, நான் வந்து பார்த்துட்டு அழுதுட்டுதான் போகணும். சனிக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. முக்கியமா நீங்க."

ஐப்பசி 7, வெள்ளி

குருவி இன்று என்னோடு பேசவில்லை. "சாப்பாடு வெச்சாச்சு" என்று ஒருமுறை சொன்னாள், சுவரைப் பார்த்து. தட்டில் எனக்குப் பிடித்த பக்கம் கரண்டி இருந்தது.

ஐப்பசி 8, சனி

மைத்துனன் ஒரு பெட்டியும் புது வட்டும் தூக்கிக்கொண்டு வந்தான். குருவி முகத்தைப் பார்த்ததும் அவளைச் சிரிக்க வைப்பதுதான் முதல் வேலை என்று முடிவுகட்டிவிட்டான் போலும்.

"பிள்ளை டிஸ்க்கை அழகா மூணு பார்ட்டிஷனா பிரிச்சு வெச்சிருக்கா. படத்துக்கு ஒண்ணு, சவுண்டுக்கு ஒண்ணு, பழைய போட்டோவுக்கு ஒண்ணு. ஒழுங்கான பாகப்பிரிவினை. அத்தான் வந்து எல்லாச் சுவரையும் இடிச்சு ஒரே கூட்டுக் குடும்பமாக்கிட்டாரு!"

குருவியின் உதடு சற்றே கோணியது. அதற்காகவே அவனுக்கு ஒரு கூட்டம் கூட்டிப் பொன்னாடை போர்த்தலாம்.

"மாப்ளே, மீட்க முடியுமா முடியாதா, அதைச் சொல்" என்றேன்.

"வீட்டை நீங்க இடிக்கல. எது எந்த அறைன்னு எழுதியிருந்த பலகையைத்தான் பிடுங்கிட்டீங்க. உள்ள சாமான் அப்படியே கெடக்கும். ஆனா உங்க தமிழ்க் கம்ப்யூட்டர் முன்னறையில குடிவந்து கொஞ்சம் சாமானை வெச்சுடுச்சு. அது எதுமேல உட்கார்ந்துச்சோ அது போச்சு."

அவன் செய்யும் முறையைப் பார்த்தேன். பழைய வட்டில் எதையும் தேடவில்லை, எதையும் திறக்கவில்லை. முதலில் அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை எழுத்துக்கு எழுத்து புது வட்டில் படியெடுக்கிறான், வெற்றிடம் உட்பட. இனித் தேடல் எல்லாம் படியில்தான். மூலத்தை உறையில் போட்டுக் குருவியிடம் கொடுத்துவிடுவானாம். தப்பு நேர்ந்தால் படியில் நேரட்டும்.

படியெடுப்பு முடியும் வரை கூடத்தில் என்னை நடக்க விடவில்லை. "அத்தான், அங்கயே உட்காருங்க. கேபிள் லூசா இருக்கு. உங்க காத்துப் பட்டாலே கழண்டுரும்." உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. பாதி தாண்டியபோது துணைவி சாப்பாட்டோடு வந்தாள். இவன் தட்டை வாங்க எம்பினான். முழங்கால் பட்டுக் கம்பி கழன்று விழுந்தது. முதலிலிருந்து மறுபடி.

"இவ்வளவு நேரம் அவரைத்தானேடா விரட்டிக்கிட்டிருந்தே?" என்றாள் அக்காள்.

"பசி வந்துட்டா எனக்குக் கால் எது கை எதுன்னு தெரியாதுக்கா."

குருவி சிரித்துவிட்டாள். வாய்விட்டே. நான் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன், கம்பி கழன்றுவிடுமே என்று.

ஐப்பசி 9, ஞாயிறு

படி முடிந்தது. அதன்மேல் ஒரு கருவிநிரல் ஊர்ந்து ஊர்ந்து பழைய சுவர்களின் அடித்தடத்தைத் தேடியது. காலையில் மூன்றாம் பாகத்தின் எல்லை தெரிந்தது. திறந்தால் குருவியின் பழைய நிழற்படங்கள், பெயரும் உறையும் குலையாமல். சற்றுப் பொறுத்து இரண்டாம் பாகம். ஒலிப்பதிவுகள் எல்லாம் அப்படியே.

முதல் பாகம்தான் முன்னறை. மண்மனிதன் இருந்த பாகம்.

"அட்டவணை போயிடுச்சு" என்றான் மைத்துனன். எந்தப் படம் எங்கே, அதன் பெயர் என்ன என்பதைச் சொல்லும் அட்டவணையின்மேல்தான் என் தமிழ் இயங்குதளம் குடிவந்திருக்கிறது. வேறு வழி உண்டாம். ஒவ்வொரு நிழற்படமும் ஒரே மாதிரியான குறியோடுதான் தொடங்கும். அந்தக் குறியைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாய் உருவி எடுப்பது. எடுத்தான். மாலைக்குள் மலையாய்க் குவிந்தன. பெயர் கிடையாது, வரிசை கிடையாது, வெறும் எண்கள். கையைத் தூக்கிய மண்மனிதன், அடுத்து முதுகைக் காட்டும் மண்மனிதன், அடுத்து ஒரு கரண்டி.

"எடுத்த நேரம் உள்ள பதிஞ்சிருக்குமேம்மா?" என்று மாமன் கேட்டான்.

"கலர் திருத்தி சேவ் பண்ணும்போது அது போயிடும் மாமா. ஃபைல் பேருதான் வரிசை. கேமரா கார்டையும் அப்பப்ப துடைச்சிடுவேன்."

வட்டில் கிடந்த வரிசையும் நம்பத்தக்கதன்று. பிடிக்காத காட்சியை அழித்து மறுபடி எடுப்பது அவள் வழக்கம். காலியான இடங்களில் புதியவை போய் அமர்ந்திருக்கின்றன. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மனிதன் இருக்கிறான், அவனுடைய ஒவ்வோர் அசைவும் இருக்கிறது. எதற்குப் பின் எது என்பது மட்டும் இல்லை.

ஐப்பசி 11, செவ்வாய்

குருவி நேற்று முழுதும் வரிசைப்படுத்திப் பார்த்தாள். நடப்பது, உட்காருவது போன்றவை சேர்ந்துவிட்டன. கையசைவுகள்தாம் சேரவில்லை. ஏறும் கையும் இறங்கும் கையும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. இருபது நாள்கூட இல்லை. விழாவுக்கு எழுதி இடத்தை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றாள் தாயிடம். அது என் காதில் விழுந்துவிட்டது.

ஐப்பசி 12, புதன்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

காலையில் மீண்டுவந்த ஒலிப்பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் செய்தித்தாளில் மூழ்கியிருந்தேன். திடுமென என் குரலே பின்னறையிலிருந்து என்னை அதட்டியது. "இந்தச் சுவர்களை இடிக்கும் முன்..."

பழைய நூலகத்தை அதிகாரிகள் இடிக்க முனைந்தபோது அதை எதிர்த்து நான் பேசிய பேச்சு. அப்போது குருவி பள்ளிச் சிறுமி. பேச்சில்லாப் படத்துக்கு என் பேச்சு எதற்கு?

கதவருகே நின்றேன். இருமவில்லை.

"உள்ள வாங்கப்பா" என்றாள். முதன்முறையாக.

விளக்கடியில் மண்மனிதன், கவிழ்த்த குவளையின்மேல் நின்றிருந்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தான். சட்டையின் மேற்பொத்தான் திறந்திருந்தது. என் கை தன்னாலே என் நெற்றிக்குப் போயிற்று. கண்ணாடி அங்கேதான் இருந்தது.

"நான்தானா?"

"வேற யாரு இப்படி நிப்பா?"

படத்தின் கதையை அப்போதுதான் சொன்னாள். குவளைமேல் நின்று ஒருவர் பேசுகிறார். கேட்பவர்கள்: கரண்டிகள், ஒரு கத்தரிக்கோல், பூட்டு, நூற்கண்டு. ஒவ்வொருவராய் எழுந்து போகிறார்கள். அவருக்குப் பின்னால் ஒரு சட்டைப் பொத்தான் மட்டும் கடைசிவரை இருக்கிறது. அவ்வளவுதான் கதை. என் பேச்சை ஓடவிட்டு, அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கையை நகர்த்தியிருக்கிறாள். படம் முடிந்ததும் பேச்சை நீக்கிவிடுவாளாம்.

"ஏம்மா நீக்கணும்? நல்ல பேச்சாச்சே!"

"பேச்சை எல்லாரும் கேட்டாச்சுப்பா. எனக்குப் பேசுறவரை வெச்சுக்கணும்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மண்மனிதனைக் குனிந்து பார்த்தேன். பிறகு சொன்னேன். "அப்படியானால் வரிசை தொலையவில்லை. அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். எந்தச் சொல்லில் கை எழும், எந்தச் சொல்லில் விழும் என்பது என் உடம்புக்குத் தெரியும். நான் பேசுகிறேன். நீ பார்த்து அடுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். சாளரத்துக் கருந்துணியை விலக்கினாள்.

ஐப்பசி 15, சனி

நான்கு நாள்களாய் ஒரே பேச்சு. கூடத்தில் நிற்கிறேன், ஒரு வாக்கியம் பேசுகிறேன், குருவி "நில்லுங்க!" என்கிறாள், கை அந்தரத்தில் நிற்கிறது, அதே நிலையில் உள்ள படத்தைத் தேடி எடுக்கிறாள், "போங்க!" என்கிறாள். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. ஒரு கை எழுவதற்குள் இத்தனை நிலைகள் இருக்கின்றன என்பது இத்தனை ஆண்டு மேடையில் எனக்குத் தெரியாது.

மைத்துனன் வேலை முடிந்து வந்து பார்த்தான். "அத்தான், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறாரு, நூலகத்தை மறுபடி இடிக்கப் போறாங்களான்னு."

"உண்மையாகவா கேட்டார்?"

"கையெழுத்து வேணும்னா போடறேன்னாரு."

முன்பக்கக் காட்சிகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. இன்று மாலை ஒரு சிறு துண்டை ஓட்டிக்காட்டினாள். மண்மனிதன் கையை உயர்த்தினான், சுட்டுவிரலை நீட்டினான், அப்புறம் சற்றே தயங்கி ஐந்து விரலையும் விரித்தான். துணைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட இப்படித்தான் பேசினீங்க!"

ஐப்பசி 16, ஞாயிறு

முட்டுக்கட்டை. பின்பக்கக் காட்சிகள்.

பொத்தானின் கண்ணில் மண்மனிதன் தெரியும் காட்சிகள் அவை. குதிகால்கள், முதுகு, முதுகின்மேல் மடித்துவைத்த இடக்கை. அந்த இடக்கை விரல்கள் ஒரு படத்தில் விரிந்திருக்கின்றன, ஒரு படத்தில் சுருண்டிருக்கின்றன, ஒன்றில் சட்டை நுனியைப் பற்றியிருக்கின்றன. அடுக்கத் தெரியவில்லை.

"இது தவறு, குருவி" என்றேன். "நான் பேசும்போது இடக்கை பின்னால் அசையாமல் இருக்கும். வலக்கை போர் புரியும், இடக்கை ஓய்வெடுக்கும். என்னிடம் மேடைப்பேச்சு பயிலும் மாணவர்களுக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்."

அவள் வாதாடவில்லை. தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் போய் நின்றாள். "முதல்லேர்ந்து பேசுங்க. எதிர்ல ஆயிரம் பேர் இருக்காங்கன்னு நெனச்சுக்குங்க."

பேசினேன். முழு வீச்சில் பேசினேன். முடித்ததும் காட்டினாள்.

என் முதுகு. என் இடக்கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் ஒன்றையொன்று தேடின. சட்டை நுனியைப் பற்றின, விட்டன, மறுபடி பற்றின. அங்கே முன்னால் குரல் இடிபோல் முழங்குகிறது. இங்கே பின்னால் இது.

"எப்பவும் இப்படியா?"

"எப்பவும். முதல் கைத்தட்டல் வர்ற வரைக்கும். அப்புறம் கொஞ்சம் அடங்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல என்னை மேடைக்குப் பின்னாடி ஸ்பீக்கர் பெட்டி மேல உட்கார வெப்பீங்கல்ல? அம்மா முன் வரிசையில இருப்பாங்க. அங்கேர்ந்து எனக்கு இதுதான் தெரியும்."

"பார்த்து பயந்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. எல்லாரும் முன்னாடி இருக்கறவரைப் பார்த்தாங்க. எனக்கு மட்டும் இந்தக் கை கெடச்சுது."

கைப்பேசியை வாங்கி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஐப்பசி 17, திங்கள்

அச்சம் எனக்கு இருக்கிறதா? இருந்திருக்கிறது. என்னிடமே சொல்லாமல் பின்னால் ஒளித்து வைத்திருந்திருக்கிறேன். அதை ஒரு பிள்ளை பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. பார்த்ததை மண்ணில் செய்திருக்கிறது, மயிரிழை மயிரிழையாய். கேலியாய்ச் செய்யவில்லை. கேலி செய்கிறவர்களுக்கு இவ்வளவு பொறுமை வராது.

ஐப்பசி 20, வியாழன்

பின்பக்கக் காட்சிகள் சேர்கின்றன. நான் பேசப் பேச அவள் பின்னால் நின்று அடுக்குகிறாள். நேற்றும் இன்றும் ஒரு சிக்கல்: நடுக்கம் எனக்குத் தெரிந்துவிட்டதால் கை விறைத்துக்கொள்கிறது. "நடிக்காதீங்கப்பா!" என்று அதட்டுகிறாள். என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள். பேச்சில் மூழ்கி மறந்தால்தான் கை தன் வேலையைச் செய்கிறது. மறக்க எனக்கு முழுப்பேச்சும் வேண்டியிருக்கிறது. ஆகவே முழுப்பேச்சு, மறுபடி மறுபடி. தொண்டைக்கு வெந்நீர் கொண்டுவந்து தருவதும் அவளேதான்.

ஐப்பசி 24, திங்கள்

கணக்குப் பார்த்தாயிற்று. ஏறக்குறைய எல்லாம் மீண்டன. படத்தின் தொடக்கம் மட்டும் மீளவில்லை. மண்மனிதன் அறைக்குள் வந்து, கூட்டத்தைப் பார்த்து, குவளைமேல் ஏறும் காட்சி. என் இயங்குதளம் அதன்மேல்தான் அமர்ந்திருக்கிறது. மைத்துனன் இரண்டு கருவிநிரல்களால் தோண்டிப் பார்த்தான். கிடைத்தவை பாதிச் சாம்பல்நிறப் பட்டைகள். பாதித் தலை, கால் இல்லை. "இது போனதுதான் கண்ணு" என்றான் குருவியிடம். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

புதிதாக எடுக்கலாம் என்றால் மண்மனிதனின் முழங்காலில் வெடிப்பு விழுந்துவிட்டது. இனி அவனால் ஏற முடியாது. புதியவனைச் செய்தால் அவன் வேறொருவனாய் இருப்பான்.

என்னால் போனது. இது மட்டும் என்னால் திரும்பக் கொடுக்க முடியாதது. அப்படியே சொன்னேன் அவளிடம்.

அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாய் மூடினாள். பிறகு முதல் காட்சியே இல்லாமல் ஓட்டினாள். இருட்டு, அப்புறம் சட்டென்று, கை உயர்த்திய நிலையில் பேச்சின் நடுவில் மண்மனிதன்.

"இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"தொடக்கம் இல்லாமலா?"

"நான் பொறந்ததிலேர்ந்து நீங்க பேசிக்கிட்டேதானே இருக்கீங்க? நீங்க எப்ப ஆரம்பிச்சீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும்தான். சிரிப்பினூடே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இரண்டாண்டு உழைப்பில் ஒரு துண்டு அது. இழந்த துண்டு இழந்ததுதான்.

ஐப்பசி 28, வெள்ளி

படம் போய்ச் சேர்ந்தது. கிடைத்ததாக ஒரு வரி வந்திருக்கிறது. குருவி பட்டப்பகலில் படுத்து உறங்குகிறாள். வீட்டில் நான் நுனிக்காலில் நடக்கிறேன்.

கார்த்திகை 4, வியாழன்

மைத்துனனின் ஆணை: இனி எதற்கும் மூன்று படி, மூன்று இடத்தில். ஒன்று குருவியின் பையில். ஒன்று அவன் வீட்டில். மூன்றாவதை எங்கே வைப்பதென்று அக்காளும் தம்பியும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். வங்கிப் பெட்டகம் என்றான் அவன். மருத்துவமனையில் தன் பூட்டறை என்றாள் இவள்.

குருவி அந்த வட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"இவர்கிட்டயா?" என்றான் மைத்துனன். "கோழிக்குஞ்சை நரிகிட்ட குடுக்கிறியேம்மா!"

"நரிக்கு இப்ப வயிறு சரியில்ல மாமா. தொடாது."

என் சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். எதிலும் செருகமாட்டேன். எத்தனை அழகிய தமிழில் கேட்டாலும்.

கார்த்திகை 20, சனி

இன்று மாலை அயலூரில் படம் திரையிடப்பட்டது. குருவி நேற்றே போய்விட்டாள். நான் போக முடியவில்லை. தையல் தொழிலாளர் கூட்டத்துக்கு எப்போதோ நாள் கொடுத்திருந்தேன். கொடுத்த நாளைத் திரும்ப வாங்கும் பழக்கம் எனக்கில்லை. "போங்கப்பா, நீங்க அங்க பேசினாத்தான் அவர் இங்க பேசுவாரு" என்று அனுப்பிவைத்தாள்.

மேடைக்கு ஏறும்போது முன்வரிசையைப் பார்த்தேன். துணைவியின் இருக்கை காலியாக இருந்தது. வழியில் பேருந்து நின்றுவிட்டதோ என்று எண்ணியபடியே பேசத் தொடங்கினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். கைத்தட்டல் வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக வந்தது.

இறங்கி வருகையில்தான் கண்டேன். மேடைக்குப் பின்னால், கம்பிச் சுருள்களுக்கு நடுவே, ஒலிபெருக்கிப் பெட்டிமேல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கே என்ன செய்கிறாய்?"

"சும்மாதாங்க. காத்து நல்லா வந்துச்சு."

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது குருவி அழைத்தாள். பின்னணியில் ஒரே இரைச்சல். தொடக்கத்தில் திடுமெனப் பேச்சின் நடுவில் மண்மனிதன் தோன்றியதும் அரங்கமே சிரித்ததாம். பின்பக்கக் காட்சி வந்ததும் அடங்கிவிட்டதாம். அப்புறம் ஒரு பெரியவர் வந்து, "அவர் யாரும்மா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"எங்கப்பான்னு சொன்னேன்."

பேருந்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. துணைவி சாளரத்தோரம் உட்கார்ந்தாள், நான் அவளுக்கு வலப்பக்கம். என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, எங்கள் நிறுத்தம் வரும் வரையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.